குடித்துவிட்டுத் தானியங்கிக் காரில் ஏறினால் கேஸ் யார் மேல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் தானாகவே ஓடும் என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது, "அப்போ பார்ட்டி முடிந்து அதிலேயே வீட்டுக்கு வந்துவிடலாமே" என்பதுதான். கலிஃபோர்னியாவிலும் அரிசோனாவிலும் இது வெறும் கற்பனை இல்லை. ஆளில்லாத டாக்ஸிகள் அங்கே தினமும் ஓடுகின்றன. அரைகுறையாகத் தானே ஓடும் கார்கள் வீட்டுக்கு வீடு நிற்கின்றன. அதனால் கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அமெரிக்கச் சட்டத்தை வைத்தவை. ஜெர்மனி, பிரிட்டன், இந்தியா ஆகியவை தேவைப்படும் இடத்தில் வரும். உங்கள் மேல் ஏற்கெனவே கேஸ் இருந்தால் வக்கீலைப் பாருங்கள். இந்தப் பக்கத்தைக் காட்டி கோர்ட்டில் வாதாட முடியாது.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: குடித்திருக்கிறேன், கார் தானே ஓட்டும். ஏறலாமா?

டிரைவர் சீட்டில் உட்காரக் கூடாது. வேமோ மாதிரி ஆளே இல்லாத டாக்ஸியின் பின் சீட்டில் தாராளமாக உட்காரலாம்.

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கார்களுக்கு நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயம். போகிற வழியில் எப்போதாவது "இனி நீ ஓட்டு" என்று அந்தக் கார் உங்களிடம் கேட்குமா? கேட்கும் என்றால் நிதானத்தில் இருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. கை ஸ்டியரிங்கில் இருந்ததா, மடியில் இருந்ததா என்பதெல்லாம் அப்புறம்தான்.

லெவல் 2, லெவல் 3 என்கிறார்களே, அது சட்டமா?

சட்டம் இல்லை. எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு 2014-இல் வெளியிட்ட வகைப்பாடு. 0 முதல் 5 வரை போகும். நம் விஷயத்துக்கு நடுவில் உள்ள மூன்று எண்கள் போதும்.

லெவல் 2-இல் ஸ்டியரிங், வேகம், பிரேக் எல்லாவற்றையும் கார் பார்த்துக்கொள்ளும், ஆனால் சாலையைப் பார்க்க வேண்டியது நீங்கள். டெஸ்லாவின் ஆட்டோபைலட் இந்த ரகம். 'ஃபுல் செல்ஃப் டிரைவிங்' என்று விற்றதும் இதே ரகம்தான். பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. பிறகு நிறுவனமே அதோடு 'சூப்பர்வைஸ்டு' என்ற சொல்லைச் சேர்த்தது. லெவல் 3-இல் குறிப்பிட்ட சாலையில், குறிப்பிட்ட வேகத்துக்குள் நீங்கள் சாலையைப் பார்க்க வேண்டாம், ஆனால் கார் கூப்பிட்டால் வர வேண்டும். லெவல் 4-இல் தனக்கென்று வகுத்த எல்லைக்குள் கார் உங்களைக் கூப்பிடவே கூப்பிடாது. சிக்கினால் தானே ஓரம் கட்டும். வேமோ அப்படித்தான்.

"ஆட்டோபைலட் போட்டிருந்தேன், நான் ஓட்டவில்லை" என்று போலீஸிடம் சொன்னால் விடுவார்களா?

சொல்லிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2018 ஜனவரியில் சான்ஃபிரான்சிஸ்கோவின் பே பிரிட்ஜ் மேல் ஒருவர் டெஸ்லாவில் மயங்கிக் கிடந்தார். ரத்தத்தில் இருந்த ஆல்கஹால் சட்ட வரம்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எழுப்பியதும், வண்டி ஆட்டோபைலட்டில்தான் இருந்தது என்று விளக்கம் கொடுத்தார். கைது செய்தார்கள். கலிஃபோர்னியா ஹைவே பட்ரோல் இதை ட்விட்டரில் போட்டபோது, காரை இழுவை வண்டி வைத்துத்தான் கொண்டு போனோம், அது தானாக யார்டுக்கு ஓடிப் போகவில்லை என்று ஒரு குத்தலும் சேர்த்தார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 30, விடியற்காலை மூன்றரை மணி வாக்கில், பாலோ ஆல்டோ பக்கம் 101-ஆம் நெடுஞ்சாலையில் இன்னொரு டெஸ்லா மணிக்கு 70 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் தூக்கத்தில் இருந்த மாதிரி தெரிந்தது. பின்னால் விளக்குப் போட்டு, சைரன் அடித்துப் பார்த்தார்கள். அசைவே இல்லை. எழுப்ப முடியாத ஆளின் காரை எப்படி நிறுத்துவது? ஆட்டோபைலட்தான் ஓட்டுகிறது என்று ஊகித்து, ஒரு போலீஸ் கார் பின்னால் மற்ற வண்டிகளைத் தடுத்துக்கொள்ள, இன்னொன்று டெஸ்லாவுக்கு நேர் முன்னால் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்தது. முன்னால் போகிற வண்டியைப் பார்த்து டெஸ்லாவும் குறைத்தது. சுமார் ஏழு மைல் தூரம் இந்தக் கூத்து நடந்த பிறகு நடுச்சாலையில் நின்றது. கண்ணாடியைத் தட்டி எழுப்பி, குடிபோதையில் ஓட்டிய சந்தேகத்தில் கைது.

அந்த இரவு கார் அவர் உயிரைக் காப்பாற்றியது என்று வாதாடலாம், நானே ஒத்துக்கொள்வேன். ஆனால் டிரைவர் யார் என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

ஏன் ஆகாது? ஓட்டியது கம்ப்யூட்டர்தானே?

இந்த வாதம் கம்ப்யூட்டரை விடப் பழசு. 1969-இல் நியூ ஜெர்சியில் ஒருவர் வேக வரம்பை மீறி மாட்டினார். க்ரூஸ் கண்ட்ரோல்தான் வேகத்தைப் பார்த்துக்கொண்டது, நான் இல்லை என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. வண்டியின் ஒரு வேலையை இயந்திரத்திடம் கொடுத்ததாலேயே ஓட்டுபவரின் பொறுப்பு குறையாது என்று சொல்லிவிட்டது. 1977-இல் கன்சாஸில் க்ரூஸ் கண்ட்ரோல் சிக்கிக்கொண்டது என்று சொன்னவருக்கும் அதே கதிதான்.

லெவல் 2 கார்களுக்கு இந்தத் தர்க்கம் அச்சு அசலாகப் பொருந்தும். போக வேண்டிய இடத்தைப் போட்டது நீங்கள், கியரைத் தட்டியது நீங்கள், கவனிக்கிறேன் என்ற எச்சரிக்கைக்கு 'சரி' கொடுத்ததும் நீங்கள்.

எஞ்சின் ஓட, நின்ற காரில் படுத்திருந்தால்?

இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தானியங்கிக் காருக்கு இங்கேதான் பெரிய சிக்கல் ஒளிந்திருக்கிறது.

கலிஃபோர்னியா சட்டத்தில் இருக்கும் சொல் 'ஓட்டுதல்'. ஒழுங்காக நிறுத்திய காரில், எஞ்சின் ஓட, ஸ்டியரிங் மேல் சாய்ந்து தூங்கியவர் வழக்கில் 1991-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. வண்டி அசைந்திருக்க வேண்டும், அந்த அசைவு அவர் விரும்பிச் செய்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 'ஓட்டினார்' ஆகாது.

அரிசோனாவில் வலை அகலம். ஓட்டினாலும் குற்றம், வண்டியை 'உண்மையான கட்டுப்பாட்டில்' வைத்திருந்தாலும் குற்றம். சாவி எங்கே இருந்தது, எஞ்சின் ஓடியதா, எந்த சீட்டில் இருந்தார் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பிரிட்டனிலும் போதையில் வண்டிக்குப் 'பொறுப்பில்' இருப்பது தனிக் குற்றம். இப்படிப்பட்ட சட்டம் உள்ள இடத்தில், ஸ்டியரிங்கும் பிரேக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற காரில் போதையில் உட்கார்ந்திருப்பவர், கார் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஓடினாலும் தப்பிப்பது கஷ்டம். கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ள முடியும் என்பதே போதும்.

வரம்பு எவ்வளவு?

அமெரிக்காவில் பொதுவாக ரத்தத்தில் 0.08 சதவீதம். யூட்டாவில் மட்டும் 2018 இறுதியிலிருந்து 0.05. ஜெர்மனியில் 0.05. இங்கிலாந்தில் 100 மில்லி லிட்டர் ரத்தத்துக்கு 80 மில்லி கிராம் (அதே 0.08 சதவீதம்தான்), ஸ்காட்லாந்தில் 50, இந்தியாவில் 30. தானியங்கி வசதி இருக்கிறது என்பதற்காக இவற்றில் எங்கேயும் சலுகை அளவு கிடையாது.

லெவல் 3-இல் பொறுப்பு எங்களுடையது என்று மெர்சிடிஸே சொன்னதே? அப்போ குடிக்கலாமா?

முதல் பாதி உண்மை. டிரைவ் பைலட் என்ற அமைப்புக்கு 2021 டிசம்பரில் ஜெர்மனியில் அனுமதி கிடைத்தது, 2023-இல் நெவாடாவிலும் கலிஃபோர்னியாவிலும். அது ஓட்டும்போது அமைப்பின் கோளாறால் விபத்து நடந்தால் பொறுப்பு ஏற்போம் என்று நிறுவனம் வெளிப்படையாகவே சொன்னது.

ஆனால் நஷ்ட ஈடு யார் கொடுப்பது என்பது ஒரு கணக்கு, நீங்கள் என்ன நிலையில் உட்கார்ந்திருந்தீர்கள் என்பது வேறு கணக்கு. பேரம் பேச முடியாதது இரண்டாவது. கம்பெனி உங்களுக்காக செக் எழுதலாம், உங்களுக்காக ஊத முடியாது.

ஜெர்மன் சட்டம் இதில் தெளிவு. 2017 திருத்தத்தின்படி, தானியங்கி அமைப்பை இயக்கிவிட்டு அது ஓட்டும்போது கையால் ஓட்டாமல் இருப்பவரும் ஓட்டுநர்தான். சாலையிலிருந்து கவனத்தைத் திருப்பலாம், ஆனால் கார் கூப்பிட்டால் உணரும் நிலையில் எப்போதும் இருக்க வேண்டும். கார் கூப்பிட்ட பின் கிடைக்கும் நேரம் எவ்வளவு தெரியுமா? இந்த வகை அமைப்புகளுக்கான ஐ.நா. விதி கேட்பது குறைந்தது 10 விநாடி. அதற்குள் நீங்கள் வராவிட்டால் கார் தானே வேகத்தைக் குறைத்து நிற்கும். போதையில் தலை தொங்கியவருக்கு 10 விநாடியில் சாலை என்ன, லேன் என்ன, எதிரே என்ன என்று பிடிபடுமா? அதனால்தான் தூங்கவும் அனுமதி இல்லை. டிரைவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு கேமரா இருக்கும்.

டிரைவர் சீட்டில் யாருமே இல்லை, நான் பின் சீட்டில் இருந்தேன் என்றால்?

லெவல் 2 காரில் அப்படிச் செய்தால் குற்றம் குறையாது, கூடும். 2021 மே மாதம் சான்ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் டெஸ்லாவின் பின் சீட்டில் உட்கார்ந்து போன ஒருவரை ஆபத்தாக வண்டி ஓட்டியதாகக் கைது செய்தார்கள். அவர் குடித்திருக்கக்கூட இல்லை.

கலிஃபோர்னியா 2012-இலேயே தானியங்கிக் கார்களுக்கான சட்டப் பிரிவில் 'இயக்குபவர்' யார் என்று எழுதி வைத்துவிட்டது: டிரைவர் சீட்டில் இருப்பவர், அங்கே யாரும் இல்லாவிட்டால், தானியங்கி அமைப்பை இயங்க வைத்தவர். அதாவது சீட்டு மாறி உட்கார்ந்தால் பொறுப்பு காற்றில் கரையாது.

அப்போ வேமோவில் 'ஸ்டார்ட்' அழுத்தும் குடிகாரப் பயணி இயக்குபவர் ஆகிவிடுவாரா?

நல்ல கேள்வி, சட்டம் படிக்கும் பிள்ளைகள் விரும்பிச் சண்டை போடுகிற இடம். வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு வாசித்தால் கொஞ்சம் இடிக்கும். ஆனால் அந்த விளக்கம் அந்தப் பிரிவுக்கு மட்டும் எழுதப்பட்டது. குடிபோதைக் குற்றம் வேறு பிரிவு, அதற்கு 1991 தீர்ப்பின் 'ஓட்டுதல்' வேண்டும். பட்டனை அழுத்தினாலும் எந்தப் பாதை, எந்த வேகம், எப்போது பிரேக் என்று ஒன்றையும் பயணி முடிவு செய்வதில்லை. 'புறப்படலாம்' என்று ஆட்டோக்காரரிடம் சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

வேறு சில மாநிலங்கள் குழப்பத்தை முதலிலேயே துடைத்துவிட்டன. ஃபுளோரிடாவில் அமைப்பு இயங்கும்போது அந்த அமைப்பே இயக்குபவர். டெக்ஸாஸில் 2017 சட்டப்படி, போக்குவரத்து விதிகளைப் பொறுத்தவரை அமைப்பின் உரிமையாளர் இயக்குபவர். நீங்கள் வெறும் பயணி. ஒன்று மட்டும்: வண்டி போகும்போது போதையில் முன் சீட்டுக்குத் தாவி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தீர்கள் என்றால் மேலே சொன்ன பாதுகாப்பு எதுவும் உங்களுக்குக் கிடையாது.

ஆளில்லாத டாக்ஸியே விதியை மீறினால் யாருக்கு சலான்?

2025 செப்டம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சான் ப்ரூனோவில் நடந்ததைக் கேளுங்கள். போலீஸார் குடிகார டிரைவர்களைப் பிடிக்க இரவுச் சோதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண் எதிரிலேயே ஒரு வேமோ திரும்பக் கூடாத இடத்தில் யூ-டர்ன் போட்டது. நிறுத்தினார்கள். உள்ளே ஆள் இல்லை. ஊதச் சொல்ல வாய் இல்லை, லைசென்ஸ் கேட்கக் கை இல்லை. எங்கள் சலான் புத்தகத்தில் 'ரோபோ' என்று ஒரு கட்டம் இல்லை என்று காவல்துறை சமூக வலைத்தளத்தில் எழுதியது. நிறுவனத்துக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

பலருக்கு எரிச்சல் வந்ததில் ஆச்சரியம் இல்லை. அதே இடத்தில் அதே திருப்பத்தை ஒரு மனிதர் போட்டிருந்தால் அபராதம் உறுதி. இந்த ஓட்டையை அடைக்க 2024-லேயே கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டுவிட்டது. 2026 ஜூலை முதல் தேதியிலிருந்து போலீஸ், நிறுவனத்தின் பெயரில் விதிமீறல் அறிவிப்பு கொடுக்கலாம். ஆனால் அது சலான் மாதிரி அபராதத்தோடு வருவதில்லை. மோட்டார் வாகனத் துறைக்குப் போகும், துறை அனுமதி விஷயத்தில் நடவடிக்கை எடுக்கலாம். எனக்கு இது அரைக்கிணறு தாண்டிய மாதிரிதான் படுகிறது.

ஆள் செத்துவிட்டால் யார் ஜெயிலுக்குப் போவது?

இதுவரை நடந்ததைப் பார்த்தால், கிரிமினல் கேஸ் மனிதர் மேல், பணம் நிறுவனத்திடமிருந்து.

2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பியில் ஊபரின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் கண்காணிப்பாளர் ஒருவர் இருந்தார், போன் திரையில் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது என்றது போலீஸ். ஊபர் மேல் கிரிமினல் கேஸ் இல்லை என்று 2019-இல் அரசு வழக்கறிஞர் முடிவு செய்தார். கண்காணிப்பாளர் மேல் கேஸ் வந்தது. 2023-இல் குற்றத்தை ஒத்துக்கொண்டு மூன்று வருட நன்னடத்தைக் காவலில் (சிறை இல்லாமல், வெளியே கண்காணிப்பில்) விடப்பட்டார். 2019 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கார்டினாவில் ஆட்டோபைலட்டில் போன டெஸ்லா சிவப்பு விளக்கைத் தாண்டி மோதி இரண்டு பேர் இறந்தார்கள். அங்கேயும் கேஸ் டிரைவர் மேல்தான், அவருக்கும் சிறை இல்லாமல் நன்னடத்தைக் காவல்தான்.

நிறுவனம் கிரிமினலாக மாட்டிய உதாரணம், ஆளில்லாத டாக்ஸி விட்ட க்ரூஸ் என்ற கம்பெனி. 2023 அக்டோபரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் வேறொரு கார் மோதித் தள்ளிவிட்ட பெண் க்ரூஸின் ஆளில்லாத காருக்கு அடியில் சிக்கி இழுபட்டார். அடுத்த ஆண்டு நிறுவனம் 5 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. கவனியுங்கள், இழுத்ததற்காக இல்லை, அதை மறைத்துப் பொய் அறிக்கை கொடுத்ததற்காக.

சிவில் பக்கம் காற்று மாறுகிறது. 2019-இல் ஃபுளோரிடாவின் கீ லார்கோவில் ஆட்டோபைலட்டில் போன டிரைவர் கீழே விழுந்த போனை எடுக்கக் குனிந்தபோது நடந்த விபத்தில் ஒருவர் இறந்தார். 2025 ஆகஸ்டில் மயாமி ஜூரி டெஸ்லாவுக்கு 33 சதவீதப் பொறுப்பு என்று முடிவு செய்து, தண்டனைத் தொகையும் சேர்த்து சுமார் 24.3 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. மீதிப் பொறுப்பு டிரைவருடையது என்பதையும் மறக்க வேண்டாம். இதே டிரைவர் குடித்திருந்தால் அவர் பங்கு ஏறியிருக்கும், கம்பெனி வக்கீலின் வேலை சுலபமாகியிருக்கும்.

பிரிட்டனில் புதுச் சட்டம் வந்ததே?

2024 மே மாதம் நிறைவேறியது. அதில் 'பொறுப்பில் உள்ள பயனர்' என்று ஒருவர் வருகிறார். கார் தானே ஓட்டும்போது அது சிக்னலைத் தாண்டினால் இவர் மேல் கேஸ் வராது. ஆனால் இவர் ஓட்டத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும், குடித்திருந்தால் விலக்கு காப்பாற்றாது. அப்படி ஒருவரே தேவைப்படாத வண்டிகளுக்கு உரிமம் பெற்ற நிறுவனம் பொறுப்பு. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தைச் சட்டப் புத்தகத்தில் இவ்வளவு நேராகப் பிரித்து எழுதியவர்கள் குறைவு.

இந்தியாவில்?

தானியங்கிக் காருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஓட்டுநர் வேலைகள் போய்விடும் என்பதால் அவற்றை அனுமதிக்க மாட்டேன் என்று நிதின் கட்கரி 2017-இலும் 2023-இலும் சொன்னார். ஆனால் லேன் பிடித்து, முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தானே வேகம் குறைக்கும் கார்கள் ஏற்கெனவே நம் சாலையில் ஓடுகின்றன. எல்லாம் லெவல் 2 ரகம்.

மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவு 'ஓட்டினாலும், ஓட்ட முயன்றாலும்' என்கிறது. முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். திரும்பவும் மாட்டினால் இரண்டு வருடம் வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும். உதவி செய்தவருக்கு 188-ஆவது பிரிவு. அதை வைத்துத்தான் 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ், குடித்தவரோடு கூட உட்கார்ந்து போகிறவர் மேலும் கேஸ் போடுவோம் என்று அறிவித்தது. "சார், கார்தான் ஓட்டுச்சு" என்று இங்கே சொன்னால் மறுபடி ஊதச் சொல்வார்கள், அவ்வளவுதான். சொந்தக் காரின் சேதத்துக்கு இன்சூரன்ஸும் கைவிரித்துவிடும்.

ஹெச்1பி-யில் இருக்கிறேன். ஆட்டோபைலட்டில் போய்க் கைதானால் விசாவுக்குப் பாதிப்பா?

உண்டு, நினைப்பதை விடச் சீக்கிரமே. 2015-லிருந்து அமெரிக்க வெளியுறவுத் துறை, கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் குடிபோதையில் ஓட்டியதாகக் கைதானவரின் விசா முத்திரையை ரத்து செய்யும் வழக்கத்தை வைத்திருக்கிறது. தீர்ப்பு வரும்வரை காத்திருப்பதில்லை, கைதே போதும். முத்திரை ரத்தானதும் உடனே நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று அர்த்தமில்லை. ஆனால் அடுத்த தடவை ஊருக்கு வந்தால் சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புதிதாக விண்ணப்பித்து, மருத்துவப் பரிசோதனைக்கும் போய்த்தான் திரும்ப முடியும். யார் ஓட்டியது என்ற உங்கள் வாதத்தை அந்தக் கவுண்டரில் யாரும் விசாரிக்க மாட்டார்கள். டாக்ஸி காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று டெஸ்லாவில் ஏறுவதற்கு முன்னால் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

குடித்திருக்கிறேன் என்று காரே கண்டுபிடித்து நிறுத்தாதா?

நிறுத்த வைக்க வேண்டும் என்று 2021-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே போட்டது. போதையில் இருப்பவரைத் தானே உணரும் கருவியைப் புதுக் கார்களில் கட்டாயமாக்கும் விதியை 2024 நவம்பருக்குள் கொண்டுவரச் சொன்னது. கெடு தாண்டிப் போனது, விதி வரவில்லை. குடிபோதை விபத்துகளில் அங்கே ஆண்டுக்கு சுமார் 12,000 பேர் சாகிறார்கள். டிரைவரின் கண் எங்கே பார்க்கிறது என்று கவனிக்கும் கேமரா பல கார்களில் இப்போதே இருக்கிறது. அது கண் மூடியதைக் கண்டுபிடிக்கும், எத்தனை பெக் உள்ளே போனது என்று சொல்லாது.